போனவர் விட்டுச் சென்ற நாற்காலி

படித்துத் தொழில் தேர்ந்தவர்கள் வெளிநாட்டில் குடியேறுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): மக்களின் வரிப்பணத்தில் மருத்துவமும் பொறியியலும் படித்துவிட்டு வேறொரு நாட்டுக்கு உழைக்கப் போவது, விதைத்தவன் ஒருவன், அறுப்பவன் இன்னொருவன் என்றல்லவா ஆகிறது? இதை நட்டம் என்று நேராகச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?

பதில்: நட்டமே இல்லை என்று நான் எழுதவில்லை. அது எல்லா நாட்டுக்கும் ஒரே அளவில் விழுவதில்லை என்றுதான் எழுதினேன். படித்தவர்கள் இப்படி வெளியேறுவதைக் குறிக்க ‘மூளை வடிகால்’ (ஆங்கிலத்தில் brain drain) என்று நாம் தமிழில் சொல்லும் தொடர், ஏழை நாடுகளை மனத்தில் வைத்துப் பிறந்ததுமன்று. பிரிட்டனின் அறிவியலாளர்கள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருப்பது குறித்து லண்டனில் உள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 1963-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதையொட்டி எழுந்த விவாதத்தில்தான் இச்சொல் பரவியது. பணக்கார நாடொன்று தன்னைவிடப் பணக்கார நாட்டைப் பார்த்து விட்ட பெருமூச்சு அது.

நட்டத்தின் அளவைத் தீர்மானிப்பதில் முதல் இடம் நாட்டின் பரப்புக்கும் மக்கள்தொகைக்கும் உண்டு. 2000-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்யப்பட்ட கணக்குகளின்படி, கயானா, ஜமைக்கா, ஹைத்தி ஆகிய நாடுகளில் பிறந்து உயர்கல்வி பெற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வெளிநாட்டில்தான் வாழ்ந்தார்கள். அதே கணக்கில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் உரிய விகிதம் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு. தலைகளை எண்ணினால் அந்த மூன்று நாட்டவரையும்விட இந்தியர்களும் சீனர்களும்தான் அதிகம். ஆனால் ஆயிரம் பொறியாளர்கள் போனாலும் அடுத்த ஆண்டே அந்த இடங்களை நிரப்பிக்கொள்ளக்கூடிய நாட்டையும், இருக்கும் நான்கு மயக்க மருந்து நிபுணர்களில் இருவர் கிளம்பினால் அறுவை சிகிச்சைக் கூடத்தையே பூட்டவேண்டிய நாட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆகவே எத்தனை பேர் போனார்கள் என்பதைக் காட்டிலும், அவர்கள் எழுந்துபோன நாற்காலியில் யார், எத்தனை நாளில் வந்து அமர்ந்தார்கள் என்பதையே கேட்கவேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி (வங்கி ஊழியர் ஒருவர்): வெளிநாடு போனவர்கள் அனுப்பும் பணம் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்துகிறது. படிப்புக்கு ஆன செலவைப்போலப் பல மடங்கு திரும்பி வருகிறபோது குறை சொல்வது நியாயமா?

பதில்: பணத்தின் அளவைப் பற்றி உங்களோடு எனக்கு வழக்கில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில், 2023-இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு இவ்வாறு வந்து சேர்ந்த தொகை 65,000 கோடி டாலருக்கும் மேல். அந்நாடுகளுக்கு வந்த அன்னிய நேரடி முதலீட்டைவிட அது அதிகம். வறட்சியிலும் நெருக்கடியிலும் முதலீட்டாளர் ஓடிப்போவார், மகன் பணம் அனுப்புவதை நிறுத்தமாட்டான் என்பதும் உண்மை. (இத்தொகையில் கட்டடத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் அனுப்புவதும் அடங்கும்; அதைப் படித்தவர்களின் கணக்கில் மட்டும் வரவு வைத்துவிடக் கூடாது.)

ஆனால் செலவழித்தவரும் பெறுபவரும் ஒருவரல்லர் என்பதைக் கவனிக்கவேண்டும். பயிற்சிக்குச் செலவிட்டது பொதுக் கருவூலம். வந்து சேரும் பணம் தனிக் குடும்பத்துக்குரியது. அதில் ஒரு பங்கு கடைத்தெரு வழியாக வரியாகத் திரும்பும் என்றாலும், அது மீண்டும் அதே மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி கிடையாது. அடுத்து, பணம் கட்டிலருகே நின்று நாடி பார்க்காது. குறைமாதக் குழந்தைகளுக்கான வார்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள செவிலியர், மானிட்டர் ஒலி எழுப்பும் முன்பே குழந்தையின் நிறத்தையும் மூக்கு விடைப்பதையும் பார்த்து மூச்சு தடுமாறப் போகிறது என்று அறிந்துகொள்வார். பக்கத்தில் நிற்கும் புதியவரிடம், ‘விலா எலும்புக்கு நடுவே குழி விழுகிறது பார்’ என்று விரலால் காட்டுவார். வெளிநாட்டு மருத்துவமனைகள் தேடுவது இவரைத்தான், நேற்று உரிமம் வாங்கியவரையல்ல. அவர் போனதும் அந்த இடத்துக்கு இன்னொருவரை நியமித்துவிடலாம், பட்டியலில் காலியிடம் தெரியாது. ஆனால் விரலால் காட்ட ஆளில்லாத இரவுப் பணியில் புதியவர்கள் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சொல்லிக்கொடுப்பவரை இழப்பது, செய்பவரை இழப்பதைவிடப் பெரிய இழப்பு என்று நான் கருதுவது இதனால்தான்.

கேள்வி (செவிலியர் கல்லூரி மாணவி ஒருவர்): வெளிநாட்டு வேலை வாய்ப்பு இருப்பதால்தான் எங்களில் பலர் இந்தப் படிப்புக்கே வந்தோம். அந்த வாய்ப்பு இல்லாவிட்டால் செவிலியர்களே குறைந்திருக்க மாட்டார்களா?

பதில்: பொருளாதார ஆய்வாளர்கள் பலர் உங்கள் பக்கம்தான். பிலிப்பைன்ஸில் நடந்தது இதற்கு நல்ல சான்று. 2000-ஐ ஒட்டி அமெரிக்கா செவிலியர்களுக்கு விசாவைத் தாராளமாக்கியபோது அங்கே செவிலியர் படிப்பில் சேர்ந்தோர் எண்ணிக்கை பெருகிற்று. வெளியேறிய ஒருவருக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் வீதம் கூடுதலாக உரிமம் பெற்றார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஃபிஜியில் 1987-இல் இராணுவப் புரட்சி நடந்த பின் இந்திய வம்சாவளியினர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பெருமளவில் சென்றார்கள். அந்நாடுகள் கல்வித் தகுதியைப் பார்த்தே அனுமதி தந்ததால், போக நினைத்தவர்கள் எல்லாரும் படித்தார்கள், படித்தவர்கள் எல்லாராலும் போக முடியவில்லை. விளைவாக, அச்சமூகத்தில் ஊரிலேயே தங்கியவர்களின் கல்வியும் உயர்ந்தது.

இதில் ஓர் இடறல் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் செவிலியர் கல்லூரிகள் பெரும்பாலும் தனியாருடையவை. மாணவரே கட்டணம் கட்டினார், தேவை கூடியதும் இடங்களும் கூடின. இடங்கள் எண்ணி வைக்கப்பட்டு, செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கும் மருத்துவப் படிப்பில் அப்படி நடக்காது. நூறு இடம் நூறு இடமாகவே இருக்கும்போது, முப்பது பேர் போனால் எழுபது பேர்தான் மிச்சம். உங்கள் கேள்வியில் உள்ள நியாயம், கல்லூரியின் கதவு அகலக்கூடிய இடத்தில்தான் செல்லுபடியாகும். அப்படி அகன்ற இடத்திலும், உரிமம் பெற்றவருக்கு உள்நாட்டில் கௌரவமான ஊதியத்தில் பணியிடம் உண்டாக்காவிட்டால், நோயாளிகள் காத்திருக்க, படித்த செவிலியர் வேறு வேலைக்குப் போகும் விசித்திரத்தையும் பார்க்கலாம்.

கேள்வி: இத்தனை ஆண்டு உள்நாட்டில் பணியாற்றவேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவது, போகிறவர்களுக்கு வரி விதிப்பது, தேவைப்பட்டால் தடையே போடுவது – இவற்றில் எது பயன் தரும்?

பதில்: தடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதன் வரலாறு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1949-க்கும் 1961-க்கும் இடையில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே போனார்கள். மருத்துவர்களும் பொறியாளர்களும் அதில் கணிசம். அரசு கண்ட வழி பெர்லின் சுவர். சோவியத் ஒன்றியம் 1972-இல், நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகும் பட்டதாரிகள் கல்விச் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று ஆணையிட்டது. தொகை பெரும்பாலோரால் கட்ட முடியாத அளவில் இருந்தது. உலகெங்கும் கண்டனம் எழ, அடுத்த ஆண்டே அதை வசூலிப்பதை நிறுத்தினார்கள்.

வரியைப் பற்றிச் சற்று நாகரிகமான யோசனையை 1970-களில் பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி முன்வைத்தார். குடியேறியவர் புதிய நாட்டில் ஈட்டும் வருமானத்தின் மீது சிறு கூடுதல் வரி விதித்து, அதைத் தாயக நாடுகளின் வளர்ச்சிக்குத் தருவது என்பது அவர் திட்டம். அரை நூற்றாண்டாகியும் அது விவாதப் பொருளாகவே இருக்கிறது. ஏனென்றால் வசூலிக்கவேண்டியது ஆளைப் பெற்றுக்கொண்ட நாடு, அதற்கோ அதில் எந்த அவசரமும் இல்லை. பத்திரம் நியாயமானதே, காலம் குறுகியதாகவும் பணியிடம் உண்மையிலேயே இருப்பதாகவும் இருந்தால். பத்திரத்தைக் காட்டிப் பிடித்துவைத்துவிட்டு, கையுறைகூட இல்லாத கிராமப்புற மையத்தில் உட்காரவைத்தால், கடைசி நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஊழியர்தான் கிடைப்பார்.

பெறுகிற நாடுகளின் பொறுப்பைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2010-இல், சுகாதாரப் பணியாளர்களை நாடுவிட்டு நாடு சேர்ப்பதற்கான நெறிமுறையை ஏற்றது. பற்றாக்குறை மிகுந்த நாடுகள் என்று 2023-இல் அது 55 நாடுகளைப் பட்டியலிட்டது. அங்கெல்லாம் முனைந்து ஆள் எடுக்கக் கூடாது என்பது அதன் பொருளே தவிர, தானாக விண்ணப்பிக்கும் தனிமனிதரைத் தடுப்பதன்று. நெறிமுறைக்குச் சட்ட வலு இல்லை. ஆள் எடுக்கும் நாடு, எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஈடாகத் தாயகத்தில் ஒரு பயிற்சி இடத்துக்குச் செலவை ஏற்கவேண்டும் என்று ஒப்பந்தம் போட முடியுமானால், எந்தத் தடையையும்விட அது பயன் தரும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: போனவர்கள் திரும்பி வந்து நாட்டை உயர்த்திய உதாரணம் உண்டா?

பதில்: தைவான். 1980-இல் சின்ச்சு அறிவியல் பூங்காவை அமைத்து, அமெரிக்காவில் பணியாற்றிய தன் பொறியாளர்களை அழைத்தது. 1985-இல் அழைப்பை ஏற்று வந்து, 1987-இல் கணினிச் சில்லுகள் தயாரிக்கும் டிஎஸ்எம்சி நிறுவனத்தைத் தொடங்கிய மோரிஸ் சாங் பிறந்தது சீனப் பெருநிலத்தில்; ஆகவே அவரைத் ‘திரும்பி வந்தவர்’ என்று சொல்வதுகூட முழுக்கச் சரியன்று. ஆய்வுக்கூடமும் முதலீடும் பொறுப்பும் தயாராக இருந்த பிறகே அழைப்பு போயிற்று என்பதைக் கவனியுங்கள். நாட்டுப்பற்றைப் பற்றிய சொற்பொழிவுக்கு யாரும் வரவில்லை.

கேள்வி (தாய் ஒருவர்): என் மகள் மருத்துவர். வெளிநாட்டில் உயர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இங்கே அவள் இல்லாவிட்டால் நோயாளிகள் தவிப்பார்களே என்று எனக்கு உறுத்துகிறது. நான் தடுக்கவேண்டுமா?

பதில்: தடுக்காதீர்கள், அம்மா. மருத்துவமனைக்கு ஆள் தேடித் தரும் கடமை அரசுடையது. அதை உங்கள் மகளின் தலையில் மட்டும் ஏற்றுவது சரியன்று. கிளம்பும் முன், தன் துறையில் தனக்கு அடுத்திருக்கும் இளையவருக்கு, தான் செய்யும் சிகிச்சைகளைச் சில மாதங்கள் கூடவே வைத்துக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.