விசைப்படகுக்குச் செய்த போர்டு பூட் ஆகவில்லை, சீரியலில் ‘சி’ எழுத்து மட்டும் வருகிறது, ஏன்?

பாம்பனில் விசைப்படகுக்கென்று நீங்கள் வடிவமைத்த ஏஎம்335எக்ஸ் (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிராசசர்) போர்டு, கணினியில் பார்க்கும் சீரியல் லைனில் ‘சிசிசி’ என்று மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது என்கிறீர்கள். பயப்பட வேண்டாம். மின்சாரம், கிளாக், சிப்புக்குள் இருக்கும் ரோம் நிரல் மூன்றும் சரி. பூட் செய்ய எஸ்டி கார்டில் எதுவும் கிடைக்காததால், எக்ஸ்மோடம் (சீரியல் வழியே கோப்பு அனுப்பும் முறை) வழியாக யாராவது கோப்பு அனுப்புவார்களா என்று ரோம் காத்திருக்கிறது. அதனால் டிடிஆர் (போர்டின் ரேம் மெமரி) செட்டிங்கில் கை வைக்காதீர்கள், அதைத் தொடங்கி வைப்பதே ரோமுக்கு அடுத்து ஓடும் எஸ்பிஎல் என்ற சிறு பூட் நிரல்தான்.

முதலில் கார்டில் ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பகுதியில் எம்எல்ஓ கோப்பு (அந்த எஸ்பிஎல்தான் இந்தப் பெயரில் இருக்கும்) இருக்கிறதா பாருங்கள். அப்புறம் சிஸ்பூட் பின்கள். எங்கிருந்து பூட் ஆக வேண்டும் என்பதை ரீசெட் விடுபடும் நொடியில் இவைதான் சொல்கின்றன, ஆனால் இதே பின்கள்தான் எல்சிடி டேட்டா லைன்களும், ஆகவே திரையைச் செருகியதும் ரெசிஸ்டர் வைத்த நிலை மாறிப்போகலாம். திரையைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள்.

மண்டபத்தில் என் போர்டு இரண்டு நாள் அலைக்கழித்தது. கடைசியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் எஸ்டி சாக்கெட்டின் ஒரு காலில் பச்சைக் களிம்பு, உப்புக்காற்றின் வேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்ததும் ‘யூ-பூட் எஸ்பிஎல்’ என்ற வரி சீரியலில் வந்துவிட்டது, அதாவது எஸ்பிஎல் ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்த போர்டில் சாக்கெட்டுக்குப் பதில் இஎம்எம்சி (போர்டிலேயே சால்டர் செய்யும் மெமரி சிப்) வையுங்கள், கனெக்டர்களை விட்டு மற்ற இடமெல்லாம் ஈரம் புகாத கோட்டிங் அடிக்காமல் படகில் ஏற்றாதீர்கள்.