பேர் சொல்லாத எதிரி, அதுவும் நம்ம கடல்ல

கேள்வி: பழைய சாகசப் படங்கள்ல எதிரி நாட்டுக்கு பேரே வைக்க மாட்டாங்களே, அப்படி ஒரு நாடு நிஜத்துல இருக்க சான்ஸ் இருக்கா?

எனக்கு இந்த சந்தேகம் வந்தது ரங்கூன்ல, எங்க தெருமுனை வீடியோ கடையில அமெரிக்கப் போர் விமானிகள் கதையான 'டாப் கன்' பாத்தப்போ. 1986 படம், எங்க கைக்கு கேசட்டா வர பல வருஷம் ஆச்சு. கடைசி சண்டை இந்து மகா சமுத்திரத்துல நடக்குதுன்னதும் பெரியப்பா நிமிந்து உக்காந்துட்டாரு. "டேய், அது நம்ம வாசல் கடலாச்சே, அப்ப எதிரி யாரு, நம்மளா?" கடையே சிரிச்சுது. படத்துல எதிரி ஓட்டுறது ரஷ்யாவோட மிக் போர் விமானம், பர்மாகிட்ட அப்போ மிக்கே கிடையாது, மிக்-29 வாங்கினதே 2001 வாக்குலதான்.

சரி, வேற யாருன்னு நானும் மேப்பை வச்சு தேடிப் பாத்தேன், ஒரு நாடும் பொருந்தல. படத்துல அது 'மிக்-28'ஆம். மிக் ஃபைட்டருக்கு 15, 17, 21, 23, 29னு ஒத்தப்படை நம்பர்தான் வரும், 28னதுமே டுபாக்கூர்னு தெரிஞ்சுடும். உண்மையில அது அமெரிக்காவே செஞ்ச எஃப்-5, கறுப்பு பெயின்ட் அடிச்சு விட்டிருக்காங்க, ஓட்டுறவன் மூஞ்சியையும் கறுப்புக் கண்ணாடி போட்டு மறைச்சாச்சு, எந்த ஊர்க்காரன்னு கேக்கவே முடியாது. இதுல அந்த மிக் எக்ஸோசெட் ஏவுகணை வேற வச்சிருக்கும்னு ஒரு டயலாக். எக்ஸோசெட் பிரான்ஸ் சரக்கு, மிக் ரஷ்யா சரக்கு. ரெண்டையும் ஒண்ணா மாட்டி அந்தக் கடல்ல அமெரிக்கக் கப்பலை மிரட்டுற நாடு எதுங்க?

ஆனா மறு வருஷம், 1987 மே 17, பாரசீக வளைகுடாவுல யுஎஸ்எஸ் ஸ்டார்க்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் மேல நிஜமாவே ரெண்டு எக்ஸோசெட் வந்து விழுந்து 37 பேர் செத்தாங்க. விட்டது ஈராக், விமானமும் பிரான்ஸோட மிராஜ்தான். அப்போ ஈராக் அமெரிக்காவுக்கு எதிரியே இல்ல, ஈரானோட நடந்த சண்டையில அமெரிக்கா ஈராக் பக்கம் சாய்ஞ்சுதான் இருந்துச்சு, தெரியாம நடந்துபோச்சுன்னு ஈராக்கும் சொல்லிடுச்சு. இதை கதையா எழுதிக் கொண்டுபோனா எந்த புரொடியூசரும் ஒத்துக்க மாட்டான்.

அதனால என் பதில், அப்படி நாடு இல்ல, இல்லாததுதான் சௌகரியமும். எவனுக்கும் கோவம் வராது, படம் எல்லா ஊர்லயும் ஓடும். நம்ம கமல் 'விக்ரம்'ல சலாமியான்னு ஒரு நாட்டையே உண்டாக்கினாங்களே, அதுவும் 1986தான். அதுலயாவது ராஜா, அரண்மனை, பாஷைன்னு மெனக்கெட்டாங்க, எனக்கு அதான் பிடிச்சுது.

பேர் சொன்னா எப்படி இருக்கும்னு 2008ல தெரிஞ்சுது. அந்த ராம்போ படத்துல எதிரி நேரா பர்மா பட்டாளம். ஷூட்டிங் தாய்லாந்துல, இங்க படத்துக்கு தடை, ஆனா திருட்டு டிஸ்க் கைமாறி கைமாறி எங்க வீட்டுக்கும் வந்துடுச்சு. 'டாப் கன்' சத்தத்துல தெருவே அதிரும். இதை ஜன்னலை சாத்திட்டு, வால்யூமை குறைச்சு வச்சு பாத்தோம், அன்னைக்கு பெரியப்பா ஒரு ஜோக்கும் அடிக்கல.