நாலு இன்னிங்ஸ் ஓடினால் சரியாகிவிடுமா?

வணக்கம்.

கிரிக்கெட் வீரர்களின் மனச்சோர்வு பற்றி எழுதியிருந்தீர்கள். ஃபார்ம் போனால் யாருக்கும் மனசு சுருங்கும். நாலு இன்னிங்ஸ் ஓடினால் சரியாகிவிடாதா? என் தங்கை மகன் லீக் ஆடுகிறான். ஒரு மாதமாகக் கிட் பையையே தொடவில்லை. நெட் பயிற்சிக்கு இழுத்துப் போகலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இங்கிலாந்து தொடக்க ஆட்டக்காரர் மார்கஸ் டிரஸ்கோதிக் 2006 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவே ஊர் திரும்பினார். குடும்பக் காரணம் என்றார்கள், பிறகு வைரஸ் என்றார்கள். உண்மையில் மனச்சோர்வு. மே மாதம் லார்ட்ஸில் இலங்கைக்கு எதிராக 106 அடித்தார். நீங்கள் சொல்லும் மருந்துதானே அது? நவம்பரில், ஆஸ்திரேலியாவுடனான ஆஷஸ் டெஸ்ட் தொடர் தொடங்கும் முன்பே, அங்கிருந்து மறுபடி வீடு. 2008இல் சர்வதேச ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டவர், உள்ளூர் கவுண்டி அணியான சாமர்செட்டுக்கு 2019 வரை ஆடினார். ஆட்டம் கைவிடவில்லை, வீட்டைப் பிரிந்து வாரக்கணக்கில் ஓட்டல் அறையில் கிடப்பதுதான் தாங்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் கிளென் மேக்ஸ்வெல் 2019 அக்டோபர் 27 அன்று அடிலெய்டில் 28 பந்தில் 62 அடித்தார். நான்கே நாளில் மனநலத்துக்காக ஓய்வு கேட்டு விலகினார். ஸ்கோர்போர்டைப் பார்த்து யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

ஃபார்ம் போனவன் அரை மணி முன்னதாக நெட்டுக்குப் போவான், வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்ப்பான், ராத்திரி பரோட்டாவும் இறங்கும். மனச்சோர்வில் ஓயாத சோகம், பிடித்ததிலேயே நாட்டமின்மை, இரண்டில் ஒன்றாவது இருக்கும். கூடவே தூக்கம், பசி, கவனம் கெடும். அசதி, குற்றவுணர்வு சேரும். இப்படி ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவர்கள் அதை நோயாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பையனுக்கு மாதம் ஒன்றாகிவிட்டது. நெட்டுக்கு இழுக்காதீர்கள்.

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் இதே அசதி வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேட்பார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று பையனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆமென்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குமட்டல் முதல் வாரமே வரும், பலர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். திடீரென நிறுத்தக் கூடாது. வழக்கமாகத் தரும் மனச்சோர்வு மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை.

கிளப்பில் வைரஸ் கதை வேண்டாம். உடம்பு சரியில்லை, டாக்டர் சொன்னதும் வருவான் என்றால் போதும். தேதி மட்டும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அந்தத் தேதிக்கு அவன் பேடு கட்டியாக வேண்டும்.