ஓட்டு போட்டோம், தோத்தோம்... இனி என்னா?

கேள்வி: வணக்கம் அண்ணே. மலேசியாவுல பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்து வளந்தவன், இப்ப தாமான் (குடியிருப்பு) வீட்டுல இருக்கோம். இந்த தடவ நாங்க வேல செஞ்ச ஆளு தோத்துட்டாரு. நான் ஸ்கூல்ல பாக்காவா, அதான் கட்சி சார்புல ஓட்டுச்சாவடி ஏஜென்ட்டா உக்காந்திருந்தேன், ஓட்டு எண்ணி முடிச்சி ஃபாரத்துல கையெழுத்து போடறப்ப கை நடுங்கிச்சி. ஒரு வாரமா சோறு எறங்கல. கடைக்கு தே தாரேக் குடிக்க போனா மத்த கட்சிக்காரனுங்க என்னைய பாத்து சிரிக்கிறானுங்க. நம்ம ஜனங்க முட்டாளுங்களா, இல்ல எண்ணிக்கையில ஏதும் கோல்மால் நடந்திச்சா? (பேர் போட வேணாம்)

பதில்: தம்பி, எந்த கட்சின்னு எழுதாம விட்டீங்க பாருங்க, அது நல்லதா போச்சி. எந்த கட்சியா இருந்தாலும் என் பதில் இதேதான்.

மொதல்ல கோல்மால பத்தி பேசிருவோம். நீங்க அங்கயேதான உக்காந்திருந்தீங்க? பெட்டிய உங்க முன்னாடிதான் தெறந்தாங்க, சீட்ட ஒவ்வொன்னா தூக்கி காட்டித்தான் எண்ணுனாங்க, போராங் 14ல, அதான் அந்த ஓட்டு எண்ணிக்கை ஃபாரத்துல, நீங்களே கையெழுத்து போட்டு ஒரு காப்பியும் வாங்கிட்டு வந்திருப்பீங்க. அந்த காப்பிய எடுங்க. அதுல இருக்கற நம்பரும் கடைசி கணக்குல உங்க ரூமுக்கு போட்ட நம்பரும் ஒத்து போவலன்னா சொல்லுங்க, அது பெரிய விஷயம், ரிசல்ட்டு கெசட்ல வந்து 21 நாளைக்குள்ள ஹைகோர்ட்ல பெட்டிஷன் போடலாம். சும்மா பேச்சுக்கு சொல்லல, 2018ல கேமரன் மலையில 597 ஓட்டு வித்தியாசத்துல பாரிசான் கூட்டணி ஜெயிச்சி, அப்பறம் ஓட்டுக்கு காசு குடுத்தாங்கன்னு தேர்தல் கோர்ட்டு அந்த வருஷ கடைசியிலயே முடிவ ரத்து பண்ணிருச்சி. ஆனா கதைய முழுசா கேளுங்க, 2019 ஜனவரியில இடைத்தேர்தல் வந்திச்சி, கேஸ் போட்டு ஜெயிச்ச அதே ஆளு திரும்ப நின்னாரு, திரும்பவும் பாரிசான்கிட்டயே தோத்தாரு. அந்த இடைத்தேர்தல்ல ஆயிரக்கணக்குல வித்தியாசம். கோர்ட்டு தேர்தல திருப்பி தரும், ஓட்ட நாமதான் போயி கேட்டு வாங்கணும்.

காப்பியும் கணக்கும் ஒத்து போச்சின்னா தோத்தது தோத்ததுதான் தம்பி. வாட்சாப்ல வர்ற ஆடியோவெல்லாம் அழிச்சிட்டு தூங்குங்க.

அடுத்து, ஜனங்க முட்டாளுங்களான்னு கேட்டீங்க. உங்க ஊர்ல இருந்துகிட்டு இந்த கேள்வி கேக்கறீங்களே! ம.இ.கா. தலைவரா இருந்த சாமிவேலு 1974லேர்ந்து 2008 வரைக்கும் அங்கதான் எம்.பி., 34 வருஷம். டாக்டர் ஜெயகுமார் 1999ல நின்னு தோத்தாரு, 2004ல தோத்தாரு, 2008ல அதே சாமிவேலுவ தோக்கடிச்சாரு, 2013லயும் ஜெயிச்சாரு, 2018ல சொந்த கட்சியான பி.எஸ்.எம். (சோசலிஸ்ட் கட்சி) சின்னத்துல நின்னு டெப்பாசிட்டே போச்சி. பார்லிமென்ட்டுக்கு டெப்பாசிட் 10,000 வெள்ளி (ரிங்கிட்), விழுந்த ஓட்டுல எட்டுல ஒரு பங்கு கூட வரலன்னா அது கெவர்மென்ட்டுக்கு. பத்து வருஷம் எம்.பி.யா இருந்தவருக்கு! ஓட்டு போட்டது யாரு? அதே லயத்து சனம், அதே தாமான் சனம், அதே சந்தைக்கு வர்றவங்கதான். 2008ல அவங்க புத்திசாலி, 2018ல முட்டாள்னு சொல்வீங்களா, இல்ல நீங்க யாருக்கு வேல செஞ்சீங்கன்றத பொறுத்து மாத்தி சொல்வீங்களா?

எனக்கு பட்டத சொல்றேன், நம்மாளுங்க ஓட்ட அள்ளி குடுத்துட்டு போறவங்க இல்ல, ஒரு கணக்கோடதான் போடுவாங்க, அந்த கணக்கு நமக்கு புடிக்காம இருக்கலாம். அத தெரிஞ்சிக்க ஒரு வழி இருக்கு. உங்க ஸ்கூல்ல இருந்த எல்லா சாலுரானோட (ஓட்டு போடற ரூமோட) போராங் 14யும் உங்க பாக்கா கூட்டாளிங்ககிட்ட கேட்டு வாங்கி மேசையில வரிசையா வைங்க. சாலுரான் 1ல வயசானவங்க, கடைசி சாலுரான்ல சின்ன பசங்க, இது உங்களுக்கு தெரிஞ்சதுதான். எந்த சாலுரான்ல அடி வாங்கனீங்கன்னு பாருங்க. பாட்டிங்ககிட்ட தோத்திருந்தா ஒரு காரணம், 18 வயசு புள்ளைங்ககிட்ட தோத்திருந்தா வேற காரணம். "சனம் ஏமாந்திருச்சி"ன்னு பொதுவா சொல்றது சுலபம், அந்த பேப்பர பாத்தா சொல்ல முடியாது.

கோவம் வரக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். 2013ல பாக்காத்தான் ராயாட் எதிர்க்கட்சி கூட்டணிக்கு நாடு முழுக்க 50 சதவீதத்துக்கு மேல ஓட்டு வந்திச்சி, பாரிசானுக்கு 47 சொச்சம்தான், ஆனா 222 சீட்டுல 133 பாரிசானுக்கு. அன்னைக்கு கறுப்பு சட்ட போட்டு ஸ்டேடியம் ஸ்டேடியமா போனவங்கள நான் தப்பு சொல்லவே மாட்டேன், தொகுதி எல்லைய எப்படி கிழிக்கிறாங்கன்றது பெரிய அநியாயம், அதுக்கு கத்தணும். ஆனா எல்லா தோல்வியும் 2013 இல்ல. சில தேர்தல்ல நம்ம ஆளு தொகுதி பக்கம் தலையே காட்டல, அதான் தோத்தாரு. உங்க ஆளு எந்த ரகம்னு உங்களுக்குத்தான் தெரியும்.

கடையில சிரிக்கிறானுங்கன்னா ரெண்டு வாரம் வேற கடையில குடிங்க, ரோஷம் பாத்து ஒன்னும் ஆவாது. ஜெயிச்சவரு சேவை மையம் தெறந்ததும் தயங்காம போங்க, தோட்டத்து வீட்டு பிரச்சனையோ கால்வாய் அடைப்போ கடுதாசிய நீட்டுங்க. நீ எனக்கு ஓட்டு போட்டியான்னு கேக்க அவருக்கு உரிமை இல்ல. அவரு உங்களுக்கும் சேத்துத்தான் ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி).

கேள்வி: என் மச்சான் குடும்பமே எதிர் கட்சிக்கு ஓட்டு போட்டிருக்காங்க. தீபாவளிக்கு கூப்பிடணுமா? (தாய்ப்பிங் வாசகி)

பதில்: கூப்பிடுங்கம்மா. முறுக்கு சுட்டு தனியா திங்க போறீங்களா? குடும்ப வாட்சாப் குரூப்ப மட்டும் ஒரு மாசம் மியூட்ல போடுங்க.

கேள்வி: அங்கிள், நான் கேஎல்ல (கோலாலம்பூர்ல) வேல செய்றேன். ஓட்டு போடறதுக்குன்னே லீவு எடுத்து, ஹைவே ஜாம்ல மாட்டி ஊருக்கு வந்தேன். 2018லயும் வந்தேன், ஜெயிச்சோம், ரெண்டு வருஷம் கூட ஆவல, ஆட்சிய கவுத்துட்டானுங்க. இப்ப தோத்தாச்சி. அடுத்த தடவ வர்றதா இல்ல.

பதில்: உங்க சலிப்பு எனக்கு புரியுதும்மா. 2020 பிப்ரவரியில ஓட்டே இல்லாம ஆட்சி மாறுனப்ப நானும் டிவி முன்னாடி ஆன்னு பாத்துகிட்டுதான் உக்காந்திருந்தேன். அந்த கோவத்துலதான் கட்சித்தாவல் தடை சட்டம் வந்திச்சி, 2022 அக்டோபர் 5லேர்ந்து அமல். அதுல ஓட்டையும் இருக்கு, எம்.பி. தானா கட்சி மாறுனா சீட்டு போயிரும், கட்சியே அவர தூக்கி வெளிய போட்டா சீட்டு போவாது, கட்சி மொத்தமா வேற கூட்டணிக்கு போனாலும் யார் சீட்டும் போவாது. அரைகுறைதான். ஆனா அதுவும் உங்கள மாதிரி ஆளுங்க திட்டுன திட்டுலதான் வந்திச்சி.

வர்றதும் வராததும் உங்க இஷ்டம், நான் பாடம் நடத்தல. ஒரு கணக்கு மட்டும் சொல்றேன், 2022ல நம்ம பேராக்லயே பாகான் டத்தோ பார்லிமென்ட் சீட்டு 348 ஓட்டு வித்தியாசத்துல முடிஞ்சிச்சி. லீவு கெடைக்கல, ஜாமா இருக்கும்னு வராம விட்டவங்க அந்த தொகுதியில எத்தன பேரு இருந்திருப்பாங்கன்னு நீங்களே யோசிங்க.

இன்னொன்னு, ஊருக்கு வந்தா ரோட்டு லைட்டு எரியல, குப்ப லாரி வரலன்னு உங்கம்மா பொலம்புவாங்கல்ல, அதுக்கும் இந்த தேர்தலுக்கும் நேரடியா சம்பந்தம் கம்மி. நகராண்மைக் கழகத்துக்கு தேர்தல 1965ல நிறுத்துனாங்க, 1976 சட்டத்துல மொத்தமாவே எடுத்துட்டாங்க, இப்ப கவுன்சிலர எல்லாம் மாநில அரசாங்கம் நியமிக்குது. உங்க ஊரும் சுங்கை சிப்புட் பக்கம்னா கோலகங்சார் நகராண்மைக் கழகத்துலதான் வரும், அப்படின்னா உங்க ஏரியாவுக்கு எந்த கவுன்சிலர்னு ஆபீஸ்ல கேட்டு அவரு போன் நம்பர உங்கம்மா கையில குடுத்துட்டு கேஎல்லுக்கு பஸ் ஏறுங்க. மீதிய அவங்க பாத்துக்குவாங்க.