பேங்க் கிரெடிட் லாஸ் ப்ரொவிஷன் ஒதுக்கிட்டா நம்ம லோன் தள்ளுபடி ஆன மாதிரிதானே?

இல்லங்க. ப்ரொவிஷன்னா கடன் திரும்பி வராமப் போகலாம்னு பேங்க் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிற தொகை, அதனால உங்க கடன்ல ஒரு சென் கூட தள்ளுபடி ஆகாது. உங்க கேள்விய பார்த்தா மாசக் கட்டு ரெண்டு மூணு நின்னுபோச்சு, யாரோ "பேங்க்காரன் ஏற்கெனவே நஷ்டத்துல எழுதிட்டான், விடு"ன்னு சொல்லியிருக்காங்கன்னு தோணுது. சுங்கை சிப்புட்ல பேங்க்ல லோன் பக்கமே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன் நான், இந்தப் பேச்ச நம்பி வீணாப்போன குடும்பங்கள கண்ணால பார்த்திருக்கேன்.

2020ல மலேசியாவுல ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மொரட்டோரியம், அதாவது தவணை கட்டாம தள்ளிப்போட அவகாசம், குடுத்தாங்க, ஞாபகம் இருக்கும். அது முடிஞ்ச கொஞ்ச நாள்ல செம்பனைக் குலை ஏத்துற லாரி வச்சிருந்த ஒரு அண்ணன் பேப்பர் கட்டிங்கோட கவுண்டருக்கு வந்தாரு. பேங்குங்க ப்ரொவிஷன ஏத்திட்டாங்கன்னு நியூஸ். "தம்பி, என் லாரிக்கும் சேர்த்துத்தானே ஒதுக்கியிருக்கான்?"னாரு. அவரு பேமெண்ட் சிலிப்ப திருப்பிப் போட்டு பின்னாடி கணக்கு எழுதிக் காட்டினேன்.

பாக்கி 50,000 வெள்ளி (ரிங்கிட்)ன்னு வைங்க. ஒழுங்கா கட்டுற ஆளு, ஒரு வருஷத்துல கட்டாமப் போக 100ல 2 வாய்ப்பு, கட்டலன்னா லாரிய ஏலம் விட்டும் 40 சதவீதம் போயிரும்னு பேங்க் நினைச்சா, ஒதுக்குறது 400 வெள்ளி. ரிஸ்க்க வச்சு கடன மூணு படியா பிரிப்பாங்க, இது முதல் படி, ஸ்டேஜ் 1. தவணை 30 நாளு தாண்டிட்டா, இல்ல தாண்டலன்னாலும் ஆளோட நிலைமை ரொம்ப மோசமாயிட்டா, ஸ்டேஜ் 2, அப்ப லோன் முடியிற வரைக்கும் உள்ள ரிஸ்க்க பார்ப்பாங்க, வாய்ப்பு 15ன்னா 3,000 வெள்ளி. 90 நாளு தாண்டினா பொதுவா ஸ்டேஜ் 3, ஆளு கட்ட மாட்டாருன்னே வச்சுக்குவாங்க, 50,000ல 40 சதவீதம், 20,000 வெள்ளி. இந்த நம்பரெல்லாம் விளக்கத்துக்கு நானா போட்டது. பின்னாடி வர்ற பணத்த இன்னிக்கு மதிப்புக்கு மாத்துற டிஸ்கவுண்ட் ரேட்ட விட்டுட்டேன்னு அக்கவுண்டண்ட் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், தெரிஞ்சுதான் விட்டேன்.

மூணு ஸ்டேஜ்லயும் அந்த அண்ணனோட பாக்கி அதே 50,000தான். ஒதுக்குறது பேங்க்கோட லாபத்துலேர்ந்து, அவங்க கணக்குக்காக. 2018க்கு முன்னாடி நஷ்டம் வந்ததுக்கு அடையாளம் தெரிஞ்ச பிறகுதான் ஒதுக்குவாங்க, எம்எஃப்ஆர்எஸ் 9ங்கிற மலேசியக் கணக்கு விதி வந்த பிறகு வரப்போற நஷ்டத்தையும் இன்னிக்கே கணிச்சு வைக்கணும். அதனாலதான் மொரட்டோரியத்துல யாரும் தவணை தவறாத நேரத்துலயே பேங்குங்க கூடுதலா ஒதுக்கினாங்க. ரைட் ஆஃப் பண்ணாக்கூட, அதாவது பேங்க் தன் கணக்குலேர்ந்து கடன நீக்கினாக்கூட, வசூல விட மாட்டாங்க, வக்கீல் நோட்டீஸ் வரத்தான் செய்யும்.

அண்ணன் கொஞ்ச நேரம் சிலிப்பையே பார்த்துட்டு, "அப்ப நான் கட்டலன்னா மச்சானுக்கு லெட்டர் போகுமா?"ன்னாரு. மச்சான் எஸ்டேட்ல மண்டோர் (வேலையாட்கள மேய்க்கிற மேற்பார்வையாளர்), ஜாமீன் கையெழுத்து போட்டவரு. போகும்னேன். அன்னிக்கே ரீஷெட்யூல் ஃபாரம் எழுதினோம், தவணை நீண்டு மாசக் கட்டு குறைஞ்சுது, லாரி கைய விட்டுப் போகல.

இதெல்லாம் கவுண்டர்ல ஒரு ஆளு உக்காந்து தமிழ்ல சொன்னதாலதான் நடந்துச்சு. இப்ப என்னடான்னா எங்க ஊரு பக்கம் ஒரு கிளைய மூடிட்டு ஆப்ல பாருங்கங்கிறாங்க. பால் மரம் வெட்டியே கண்ணு மங்கிப்போன பாட்டி ஆப்ல என்னத்த பார்க்கும்? பென்ஷன் காச எடுக்க பஸ் ஏறி ஈப்போ போகுது. இதக் கேட்டா முன்னேற்றத்துக்கு எதிரிங்கிறாங்க, நான் எதிரி இல்ல, ஒரு மேசையும் ஒரு ஆளும் இருக்கட்டும்ங்கிறேன், அவ்ளோதான்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். 90 நாளு ஆகுறதுக்கு முன்னாடி பேங்க்குக்கு போயி ரீஷெட்யூல் கேளுங்க. கட்டாத மாசம் சிசிரிஸ்ல, அதாவது மத்திய வங்கி பேங்க் நெகாராவோட கடன் பதிவேட்டுல, தெரியும், அடுத்த லோனுக்கு அத பார்ப்பாங்க. பேச பயமா இருந்தா ஏகேபிகேங்கிற கடன் ஆலோசனை அமைப்புக்கு போங்க, 2006ல பேங்க் நெகாரா ஆரம்பிச்சது, காசு வாங்க மாட்டாங்க. ஜாமீன் போட்டவங்ககிட்டயும் நீங்களே முதல்ல சொல்லிருங்க, லெட்டர் வந்து தெரிஞ்சுக்கிற மாதிரி விட்டுறாதீங்க.