கலாநிதிப் படிப்புக்குச் சம்பளம் தரும் நாடுகள்

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "விலங்கியலில் சிறப்புப் பட்டமும் முதுமாணியும் முடித்திருக்கிறேன். மூதூர்ப் பக்கக் கண்டல் காடுகளில் நண்டுக் குஞ்சுகளைப் பற்றித்தான் என் ஆய்வு. வெளிநாட்டில் நிதியுதவியோடு கலாநிதிப் பட்டம் செய்ய விருப்பம். 70 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். 2 பேர்தான் பதில் எழுதினார்கள், 'இடமில்லை' என்று. டவுனில் ஒரு முகவர் 4 இலட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம், தங்கச்சி. நிதியுள்ள இடமென்றால் பல்கலைக்கழகம்தான் உங்களுக்குக் காசு தரும். அதற்கு ஆளைத் தெரிவு செய்வதும் அங்குள்ள பேராசிரியர்களே. முகவர் நடுவில் நின்று செய்ய ஒன்றுமில்லை.

நெதர்லாந்து, நோர்வே, சுவீடன் மூன்றிலும் கலாநிதி மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். நெதர்லாந்தில் வழக்கமாக 4 வருட ஒப்பந்தம். நோர்வேயில் 3 வருடம், கற்பித்தல் கடமையும் சேர்ந்தால் 4. வேலை என்பதால் விளம்பரம் வரும், முடிவுத் திகதி இருக்கும். யூராக்சஸ், அகடமிக் ட்ரான்ஸ்ஃபர், யொப்நோர்கே ஆகிய தளங்களை வாரம் ஒருமுறை பாருங்கள். ஜெர்மனி விளம்பரத்தில் 65% என்று கண்டால் பயப்படாதீர்கள். முழுநேரச் சம்பளத்தில் அந்தப் பங்கு கிடைக்கும் என்பதுதான் அதன் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் கலாநிதி மாணவரைச் சேர்க்கும் மேரி கியூரி வலையமைப்புகளையும் விடாதீர்கள். போகும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஊரிலேயே இருந்த உங்களுக்கு அது தடையே இல்லை.

இனி, பேராசிரியர்களுக்குப் போட்டதென்று நீங்கள் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல். இரண்டு தரம் வாசித்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உன்னத ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டு" என்று தொடங்கி, நாலு வரி மரியாதைக்குப் பிறகுதான் நண்டு வருகிறது. அதுவரை யார் வாசிப்பார்? 70 பேருக்கும் ஒரே கடிதம் போனதும் தெரிகிறது. இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவில் 14 மாதம், வற்று நேரத்தில் சேற்றில் இறங்கி நண்டுக் குஞ்சு எண்ணினேன். மாரியில் உப்புத்தன்மை இறங்கும்போது எண்ணிக்கை எப்படி மாறியது என்ற தரவு என்னிடம் இருக்கிறது." அடுத்த வரியில் அவருடைய ஒரு கட்டுரையைப் பெயர் சொல்லி, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவ்வளவு போதும். அந்தச் சேற்றில் நின்ற அனுபவம் உங்களிடம்தான் இருக்கிறது, அதை ஒளித்து வைக்காதீர்கள். விளம்பரத்துக்கு எழுதும் விண்ணப்பக் கடிதத்துக்கும் இதே தொடக்கம் பொருந்தும்.

அமெரிக்காவுக்கு 4 வருடச் சிறப்புப் பட்டமே பொதுவாகப் போதும். முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி எழுதிக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. பல துறைகள் செய்து தருகின்றன. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு 2 வருடம்தான் செல்லும், ஆகவே விண்ணப்பிக்கும் காலத்தைக் கணக்குப் பார்த்து எழுதுங்கள்.

சிபாரிசுக் கடிதம் தருகிறவரிடம் குறைந்தது மூன்று வாரம் முன்னரே சொல்லுங்கள். உங்கள் சுயவிபரக் கோவையையும் விளம்பரத்தையும் சேர்த்தே கொடுங்கள். இல்லாவிட்டால் "நல்ல மாணவி" என்ற ஒற்றை வரியோடு கடிதம் முடிந்துவிடும். மின்னஞ்சலைத் திருத்தியதும் எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.