நாடகத்துக்குப் பெர்மிஷன் எடுக்க புரோக்கர் எதுக்கு?

வெள்ளவத்தையில டியூட்டரியில படிப்பிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. செப்டம்பர் 21 சமாதான தினத்துக்கு ஒழுங்கைப் பிள்ளையளைச் சேர்த்து ஒரு பின்னேர நிகழ்ச்சி செய்யப் போகினமாம். யுத்தத்தில தொலைஞ்ச அண்ணனைத் தேடுற தங்கச்சி ஒருத்தியின்ட அரை மணித்தியால நாடகம், சனத்திட்ட வாங்கின பழைய போட்டோக்கள், பிள்ளையள் கீறின படங்கள், கடைசியா ஒரு கலந்துரையாடல். ஒருத்தர் வந்து "75,000 தாங்கோ, எல்லாப் பெர்மிஷனும் எடுத்துத் தாறன், இல்லாட்டிப் பொலிஸ் வந்து நிப்பாட்டிப் போடும்" எண்டு சொல்லியிருக்கிறார். குடுக்கிறதோ எண்டு கேக்கிறா.

ஒரு சதமும் குடுக்காதீங்கோ தங்கச்சி.

உங்கட நிகழ்ச்சியில அனுமதி வேண்டியது நாடகத்துக்குத்தான். 1912ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இண்டைக்கும் இருக்கு, அதின்படி மேடையில போடுற நாடகத்தின்ட ஸ்கிரிப்டை பப்ளிக் பெர்ஃபோமன்ஸ் போர்டில குடுத்து அனுமதி எடுக்கோணும். ஒழுங்கைப் பிள்ளையள் நடிக்கிற அரைமணி நாடகத்தை வாசிச்சுப் பாக்க ஒரு சபை எதுக்கு எண்டு எனக்கு இவ்வளவு காலமா விளங்கேல்ல, ஆனா சட்டம் அதுதான், குடுத்துத்தான் ஆகோணும். போட்டோவுக்கும் பிள்ளையளின்ட படத்துக்கும் அந்த போர்டில வேலை இல்ல. வெளியில லவுட்ஸ்பீக்கர் கட்டினா பொலிஸில பெர்மிட் எடுக்கோணும், டிக்கெட் வித்தா மாநகரசபைக்கு வரி. இலவசமா ஹோலுக்குள்ள செய்தா இந்த ரெண்டு கரைச்சலும் இல்ல.

இப்ப புரோக்கர் கதைக்கு வாறன், இதில நான் நல்லாப் பட்டிருக்கிறன். பல வருசத்துக்கு முந்தி எங்கட குழுவும் இப்பிடி ஒருத்தரை நம்பி ஸ்கிரிப்டைக் குடுத்தது. அனுமதி வந்தது, ஆனா விண்ணப்பத்தில தயாரிப்பாளர் எண்டு அவர் தன்ட பேரைப் போட்டிருக்கிறார், நாங்கள் கடிதத்தைக் கையில வாங்கிப் பாத்தாப்பிறகுதான் தெரியும், பிறகு இன்னொரு ஊரில அதே நாடகத்தைப் போட வெளிக்கிடேக்க திரும்பவும் காசு கேட்டார். அதைவிட மோசம், ஸ்கிரிப்டைச் சிங்களத்தில ஆருக்கோ குடுத்து மாத்தி எழுதுவிச்சு, எங்கட தாய்ப் பாத்திரம் "பொடியள் எங்க போட்டாங்களோ" எண்டு புலம்புற இடம் சிங்களத்தில இயக்கத்தை, அதாவது புலிகளைத் தேடுற மாதிரிப் போயிருந்தது, சனம் புலிகளையும் "பொடியள்" எண்டு சொல்லுறதுதானே. அவ தேடினது தன்ட ரெண்டு மகன்மாரை.

மொழிபெயர்ப்பைச் சின்ன விசயம் எண்டு நினைக்காதீங்கோ. 2020 மே மாசம் மன்னார்ல அஹ்னாஃப் ஜஸீம் எண்ட இளம் கவிஞரைத் தன்ட கவிதைப் புத்தகத்துக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சவை. அவர் வன்முறைக்கு எதிரா எழுதின ஆள், தமிழ் தெரியாதவையின்ட கையில அது தீவிரவாதமாப் போச்சு. 2021 டிசம்பர்லதான் பிணை, 2023 டிசம்பர்லதான் விடுதலை. தமிழில எழுதுறவைக்கு மட்டும் எண்டும் இல்ல, சக்திக சத்குமார எண்ட சிங்கள எழுத்தாளரை 2019ல ஒரு சிறுகதைக்காக ஐசிசிபிஆர் சட்டத்தில உள்ள போட்டவை. மனுச உரிமையைக் காப்பாத்த எண்டு 2007ல கொண்டுவந்த சட்டம் அது! வயிறு எரியுது. அதால, சிங்களமும் தமிழும் நல்லாத் தெரிஞ்ச, நாடகத்தை ஒத்திகையில பாத்த ஒருத்தரைக் கொண்டு நீங்களே சிங்களப் பிரதி எழுதுவிச்சு தமிழோட சேத்துக் குடுங்கோ. பேச்சுவழக்கில வாற "பொடியள்", "பெடியன்" மாதிரிச் சொல்லுகளுக்கு அந்த இடத்தில என்ன கருத்து எண்டு ஓரத்தில எழுதிவிடுங்கோ. அனுமதி கிடைச்சாப்பிறகு புதுசா வசனம் சேக்கிறேல்ல, மேடையில உணர்ச்சி வந்தாலும் சேக்கிறேல்ல.

போட்டோவுக்குப் பெர்மிஷன் தேவையில்ல எண்டு சொன்னன் தானே, அதில ஒண்டை மட்டும் விளக்கமாச் சொல்லோணும். செத்தவையை நினைக்கிறது குற்றம் இல்ல. பிரச்சினை வாறது இயக்கத்தின்ட கொடி, சின்னம், சீருடை இருந்தா. சனம் குடுக்கிற வீட்டு ஆல்பத்தில மகன் சாரத்தோட சிரிச்சுக்கொண்டு நிப்பான், பின்னால சுவரில தொங்குற கலண்டர்ல சின்னம் இருக்கும், அம்மாட கண்ணுக்கு மகன் மட்டும்தான் தெரியும், நீங்களும் மகனைத்தான் பாப்பியள், பொலிஸ் கலண்டரைப் பாக்கும். ஒவ்வொரு படத்தையும் ஃபோன்ல பெருசாக்கி மூலை மூலையாப் பாருங்கோ. அந்தப் பக்கத்தை வெட்டிப்போட்டு பிரேம் போடலாமோ எண்டு கேப்பியள், வெட்டாதீங்கோ, வெட்டின படம்தான் பிறகு கேள்வியா வரும், வேற படம் கேளுங்கோ. ஒருக்கா ஒரு அம்மாட்ட அப்பிடிக் கேக்க, மைலோ டின்னுக்குள்ள இருந்து பாஸ்போட் சைஸ் படம் ஒண்டை எடுத்துத் தந்தவ. ஓஎல் அட்மிஷனுக்கு எடுத்தது, எண்ணெய் வச்சு இழுத்த தலை, மூலையில ஸ்டேப்ளர் குத்தின ரெண்டு ஓட்டை. அண்டைக்கு வந்த சனம் கனநேரம் நிண்டது அந்தச் சின்னப் படத்துக்கு முன்னாலதான்.

இவ்வளவும் செய்தாப்பிறகும் ஆராவது வந்து விசாரிக்கலாம். 2024 மேயில சம்பூர்ல, கடைசி யுத்தத்தில செத்தவையை நினைச்சு முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்த பாவத்துக்கு நாலு பேரைப் பிடிச்ச நாடு இது. வந்தா அனுமதிக் கடிதத்தின்ட கொப்பியும் ஹோல் ரிசீட்டும் காட்டுங்கோ, மூலப் பிரதியைக் கையில குடுக்காதீங்கோ, வந்தவரின்ட பேரையும் எந்த ஸ்டேஷன் எண்டதையும் குறிச்சு வையுங்கோ. எந்தச் சட்டத்தில நிப்பாட்டச் சொல்லுகினம் எண்டு எழுத்தில கேளுங்கோ.

கலந்துரையாடல்ல ஒண்டு யோசியுங்கோ. கொழும்பு ஹோல்ல 1983 ஜூலையில வீடு எரிஞ்சவையும் இருப்பினம், 1996ல தெஹிவளை ரயில் குண்டில ஆளைப் பறிகுடுத்தவையும் இருப்பினம், 1990ல வடக்கில இருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பமும் இருக்கும். மூண்டு பேருக்கும் மைக் போகோணும், அதுக்கு ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்தில நிக்கோணும்.

ஜூலை முடியிறதுக்குள்ள ஸ்கிரிப்டைக் கொண்டுபோய்க் குடுங்கோ. நீங்களே போங்கோ, உங்கட பேரில விண்ணப்பியுங்கோ, குடுத்ததுக்கு ரிசீட் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீங்கோ.